'வயசாச்சு' என்று விடுவதற்கு முன் மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்

எழுந்தால் கிறுகிறுப்பு, சாயங்காலமானால் கால் வீக்கம், பகலெல்லாம் தூக்கம், பேச்சில் தடுமாற்றம். வீட்டுப் பெரியவரிடம் புதிதாக இப்படி எது தெரிந்தாலும் முதலில் மாத்திரையைச் சந்தேகப்படுங்கள். வயது ஏற ஏற சிறுநீரகம் மருந்தை மெதுவாகத்தான் வெளியேற்றும். ஐம்பதில் ஒத்துக்கொண்ட அளவு எழுபத்தைந்தில் அதிகமாகிவிடலாம்.

மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர், சுகர் மாத்திரை, மதுரை டாக்டர் எழுதியது, மெடிக்கலில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை, நாட்டு மருந்துச் சூரணம், கண் சொட்டு மருந்து என எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் சேருங்கள். பாயில் கொட்டி ஒவ்வொரு அட்டையாகத் திருப்புங்கள். கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும். மருந்தின் பெயர் அதன் பக்கத்தில் இருக்கும். அதைப் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். நிறம் வேறு, பெயர் வேறான இரண்டு அட்டையிலும் 'அம்லோடிபின் 5 மி.கி.' என்றே இருந்தால், ஒரே பிரஷர் மருந்து இரட்டிப்பாகப் போய்க்கொண்டிருக்கிறது. அரசு மருந்தும் தனியார் சீட்டும் சேரும் வீடுகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அம்லோடிபின் இரண்டு கணுக்காலிலும் வீக்கம் தரக்கூடியது. அது தெரியாமல் வீக்கத்துக்கு நீர் மாத்திரை சேர்ந்தால், ராத்திரி நாலு தரம் எழுந்து, இருட்டில் தலைசுற்றி விழுந்து, இடுப்பெலும்பு முறிவதில் போய் முடியலாம். இதயம், சிறுநீரகக் கோளாறிலும் கால் வீங்கும் என்பதால் டாக்டர்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை வறட்டு இருமல் தரலாம். டானிக் பாட்டில் எத்தனை வாங்கினாலும் நிற்காது. அதே மாத்திரையால் உதடும் முகமும் வீங்கினால் உடனே 108.

பாம்பன், மண்டபம், தொண்டிப் பக்கம் காலமெல்லாம் வலை இழுத்தவர்களுக்கு முழங்கால், இடுப்பு வலி இல்லாமல் இருக்காது. அதற்கு வாங்கும் டைக்ளோஃபினாக்தான் பெரிய கவலை. டெல்மிசார்டான் மாதிரி பிரஷர் மாத்திரை, நீர் மாத்திரை இரண்டோடும் இது சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். கோடை வியர்வையோ வயிற்றுப்போக்கோ கூடினால் ஆபத்து இன்னும் அதிகம். சிறுநீர் குறைந்தாலும், வயிற்றில் ரத்தம் கசிந்து மலம் தார் போலக் கறுத்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் அதை நீங்களாகத் தீர்மானிக்காதீர்கள். வலிக்கு பாராசிட்டமால் 500 போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஒரு நாளில் ஆறுக்கு மேல் வேண்டாம். ஈரல் கோளாறோ குடிப்பழக்கமோ இருந்தால் அதுவும் அதிகம்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு ஆகிய சுகர் மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட்டு உணவைத் தள்ளிப்போட்டால் சுகர் இறங்கும். பெரியவர்களுக்கு நடுக்கம், வியர்வை தெரியாமல் குழப்பமான பேச்சு மட்டுமே தெரியலாம். 70க்குக் கீழ் இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள். இந்த மாத்திரைகளால் சுகர் ஏறிய பிறகும் மறுபடி இறங்கும் என்பதால், தேறிவிட்டாலும் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். கீழக்கரை போன்ற ஊர்களில் நோன்பு வைப்பவர்கள் ரமலானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே டாக்டரிடம் போய், எந்த வேளை மாத்திரையை எப்படி மாற்றுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 70க்குக் கீழ் போனால் நோன்பைத் திறந்துவிட வேண்டும்.

சளிக்கு வாங்கும் குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை தூக்கத்தையும் குழப்பத்தையும் தரும். புராஸ்டேட் வீங்கிய ஆண்களுக்குச் சிறுநீரே அடைத்துக்கொள்ளலாம்.

கிறுகிறுப்பு இருந்தால் ஐந்து நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பாருங்கள். பிறகு நிற்கவைத்து முதல் நிமிடத்திலும் மூன்றாவது நிமிடத்திலும் பாருங்கள். விழாமல் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் குறித்துவைத்து, மஞ்சப்பையோடு டாக்டரிடம் போங்கள். அதற்குள் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்: அட்டெனலால் என்ற பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரை, நாள்பட்ட ஸ்டீராய்டு ஆகியவற்றைச் சட்டென்று விட்டால் உயிருக்கே ஆபத்து. மருந்தால்தான் வந்தது என்று சந்தேகம் இருந்தால் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நீங்களே பதிவு செய்யலாம். பேசும்போது அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்ச் எண்ணைக் கேட்பார்கள்.