விபத்துக்குப் பிறகு கார் இன்சூரன்ஸ் கிளெய்மைக் கெடுக்கும் தவறுகள்

"தப்பு என் மேலதான், எந்த முகத்தோட இன்சூரன்ஸ்ல போய்க் கேட்கிறது?" என்று சொல்லிச் சொந்தப் பணத்தில் காரைச் சரிசெய்துகொண்டவர்கள் நிறையப் பேர். "தப்பு அவன் மேல, அவன் கம்பெனிதான் என் வண்டிக்குப் பணம் தரணும்" என்று மாதக்கணக்கில் காத்திருந்து, தன் கம்பெனிக்குத் தகவலே சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. இரண்டு பேரும் செய்வது ஒரே தவறு. வேறு வேறான இரண்டு கிளெய்ம்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நம் காருக்கு ஏற்பட்ட சேதத்துக்கு நம் பாலிசியில் கேட்பது ஓன் டேமேஜ் கிளெய்ம். ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்லும் பாலிசி இருந்தால் போதும். தவறு யாருடையது என்பது இங்கே கேள்வியே இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது நீங்களே தூணில் இடித்தாலும் கேட்கலாம். ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்ததா, குடித்திருந்தாரா, சொந்த உபயோக வண்டி வாடகைக்கு ஓடியதா என்பதைத்தான் கம்பெனி பார்க்கும். எதிர்த் தரப்பின் மீது தவறு இருந்தாலும், முதலில் உங்கள் பாலிசியில் வண்டியைச் சரிசெய்துகொள்வதே வேகமான வழி.

அடுத்தவருக்கு ஏற்பட்ட காயம், மரணம், பொருள் சேதம் எல்லாம் தேர்டு பார்ட்டி கிளெய்ம். இது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். பெரும்பாலும் இங்கேதான் "யார் தவறு" என்ற கேள்விக்கு உயிர் வருகிறது. அதற்கான பதிலை ரோட்டில் உரக்கக் கத்தியவரோ, இன்சூரன்ஸ் ஏஜென்டோ, போலீஸோ முடிவு செய்வதில்லை. தீர்ப்பாயம் முடிவு செய்கிறது, அதுவும் பல மாதங்கள் கழித்து. அப்போது அதன் முன்னால் இருப்பவை பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் உருவான காகிதங்கள்தான். அதனால்தான் அந்த ஓரிரு நாளில் செய்யும் தவறுகள் இவ்வளவு விலை கேட்கின்றன.

பின்னால் இடித்தவன் மேல்தான் தப்பா?

"பெரிய வண்டி மேலதான் கேஸ்", "பின்னால வந்து இடிச்சவன்தான் குற்றவாளி" என்பதெல்லாம் நம் ஊரில் சட்டம் போலவே புழங்குகின்றன. இரண்டுமே முழு உண்மை இல்லை. கோயம்புத்தூரில் 2017 ஜனவரியில் நடந்த ஒரு விபத்தைப் பார்த்தால் இது புரியும். பைக்கில் போன பொறியியல் மாணவர் ஒருவர், முன்னால் போன கார் திடீரென்று நின்றதால் அதன் பின்புறம் மோதி விழுந்தார். பின்னால் வந்த பஸ் அவர் மீது ஏறியது. ஒரு காலை இழந்தார். கர்ப்பிணி மனைவிக்குக் குமட்டல் வந்ததால் பிரேக் போட்டேன் என்றார் கார் ஓட்டியவர்.

தீர்ப்பாயம் கார் ஓட்டியவர் மீது தவறே இல்லை என்று விட்டுவிட்டு, மாணவர் மீது 20 சதவீதமும் பஸ் மீது 80 சதவீதமும் போட்டது. உயர் நீதிமன்றம் அதை கார் 40, பஸ் 30, மாணவர் 30 என்று மாற்றியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் மீது 50, பஸ் மீது 30, மாணவர் மீது 20 என்று முடித்தது. நெடுஞ்சாலையின் நடுவில் எந்த எச்சரிக்கையும் கொடுக்காமல் வண்டியை நிறுத்தியதுதான் விபத்தின் தொடக்கம் என்பது நீதிமன்றம் சொன்ன காரணம். முன்னால் போகும் வண்டிக்குப் போதிய இடைவெளி விடாததும், லைசென்ஸ் இல்லாததும் மாணவரின் பங்காகச் சொல்லப்பட்டன. ஒரே விபத்து, அதே சாட்சியம், மூன்று கணக்கு. மொத்த இழப்பீட்டில் அவருடைய 20 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் மிச்சத்தைத் தரச் சொன்னார்கள்.

ஆக, தவறு என்பது முழுசாக ஒருவர் தலையில் விழ வேண்டும் என்றில்லை, சதவீதமாகப் பிரியும். "என் மேலயும் கொஞ்சம் தப்பு இருக்கே" என்று நினைத்து, காயம்பட்டவர் கேஸ் போடாமல் விடுவது பெரிய தவறு. பங்கு குறையும், உரிமை போகாது. அதேபோல, விதிமீறல் இருந்தாலே விபத்தில் பங்கு இருக்கிறது என்றும் ஆகிவிடாது. பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதற்காக மட்டுமே இழப்பீட்டைக் குறைக்கக் கூடாது, அதற்கும் விபத்துக்கும் தொடர்பு இருந்ததாகக் காட்ட வேண்டும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ரோட்டிலேயே பேசி முடிப்பது

"சார், எதுக்கு ஸ்டேஷன் கேஸெல்லாம், பேசி முடிச்சுக்கலாம்." பெயின்ட் உரசியதோடு போனால் சரி, பேசி முடிக்கலாம். அப்போதும் இரண்டு வண்டிகளையும் நம்பர் தெரிய போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் ஒருவருக்குக் காயம் என்றால் இந்தப் பேச்சே கூடாது. தலையில் பட்ட அடி அன்றைக்கு ஒன்றும் தெரியாமல் இருந்து, மறுநாள் ஸ்கேனில் தெரியலாம். ஐயாயிரம் வாங்கிக்கொண்டு வெள்ளைத் தாளில் கையெழுத்துப் போட்டவருக்கு அதற்குப் பிறகு எல்லாமே கஷ்டம். பணம் கொடுத்தவருக்கும் பாதுகாப்பு இல்லை. எந்தப் பதிவும் இல்லாததால், இடித்துவிட்டு நிற்காமல் போனதாக நாளை புகார் வந்தால் மறுக்க அவரிடம் ஒன்றும் இருக்காது.

காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்க வழி செய்வதும், போலீஸுக்குத் தகவல் சொல்வதும் ஓட்டுநரின் கடமை என்று சட்டத்தின் 134-ஆவது பிரிவு சொல்கிறது. சம்பவ இடத்தில் போலீஸ் இல்லையென்றால் அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தகவல் தர வேண்டும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தவறை ஒப்புக்கொள்வதோ, பணம் தருவதாக வாக்குக் கொடுப்பதோ கூடாது என்பது வழக்கமான மோட்டார் பாலிசியின் நிபந்தனை. விழுந்தவரைத் தூக்குங்கள், 108-ஐ அழையுங்கள், தண்ணீர் கொண்டுவந்து வையுங்கள். "எல்லாம் என் தப்புதான், எவ்வளவு ஆனாலும் தர்றேன்" என்பதை மட்டும் சொல்லாதீர்கள். பதற்றத்தில் இருக்கும் மனிதருக்கு அங்கே என்ன நடந்தது என்று முழுதாகத் தெரிந்திருக்காது.

முதல் காகிதங்கள்

எஃப்.ஐ.ஆரில் "அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்ற வரி ஏறக்குறைய எப்போதும் இருக்கும். யார் முதலில் புகார் கொடுக்கிறாரோ அவர் சொல்வதுதான் அதில் பதிவாகிறது. அதுவே இறுதி இல்லை. ஆனால் அதை மறுக்க உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும். அதனால் வண்டிகளை நகர்த்துவதற்கு முன்பே போட்டோ எடுங்கள். நசுங்கிய பம்பரை மட்டும் நெருக்கத்தில் எடுப்பதுதான் எல்லோரும் செய்வது. தள்ளி நின்று முழு ரோடும் தெரிய எடுத்த படம்தான் தீர்ப்பாயத்தில் அதிகம் பேசும். டயர் தேய்ந்த தடம், கண்ணாடித் துண்டுகள் கிடக்கும் இடம், சென்டர் மீடியனில் இருக்கும் இடைவெளி, சிக்னல் எல்லாம் தெரிய வேண்டும். பக்கத்துக் கடை கேமராவின் பதிவு சில நாட்களில் அழிந்துவிடும். அதைக் கைப்பற்றும்படி போலீஸுக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர்கள் இருந்தால் பெயரும் போன் நம்பரும். தீர்ப்பாயத்தில் குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு இருக்கிறது என்று பார்ப்பார்கள். அங்கே ஒரே ஒரு நல்ல படம் பெரிய வேலை செய்யும்.

காயம்பட்டவர் தரப்பில் நடக்கும் மிகப் பெரிய தவறு ஆஸ்பத்திரியில்தான். டியூட்டி டாக்டர் "எப்படி அடிபட்டது?" என்று கேட்டு எழுதும் பதிவு, ஏ.ஆர். காப்பி என்று சொல்வோமே, அதற்குள்ள மதிப்பு பலருக்குத் தெரிவதில்லை. போலீஸ் கேஸ் வேண்டாம் என்று நினைத்து "பைக்ல இருந்து வழுக்கி விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து "கார் இடித்தது" என்று புகார் கொடுத்தால், எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தாளைத்தான். இடித்தது என்ன வண்டி, நம்பர் தெரிந்தால் என்ன நம்பர் என்பதை முதல் ஆஸ்பத்திரியிலேயே சொல்லுங்கள். அடிபட்டவரால் பேச முடியாவிட்டால் கூட இருப்பவர் சொல்லலாம். உதவிக்கு வந்த வழிப்போக்கர் தன் பெயரைச் சொல்லக் கட்டாயம் இல்லை. சட்டத்தில் அவருக்குத் தனிப் பாதுகாப்பு இருக்கிறது.

ஆள் மாற்றிச் சொல்வதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓட்டியது லைசென்ஸ் இல்லாத மகன். போலீஸில் சொல்வது அப்பாவின் பெயர். கேமரா, ஏ.ஆர். காப்பி, சாட்சி என்று ஏதோ ஒன்று காட்டிக்கொடுத்தால் ஓன் டேமேஜ் கிளெய்மும் போகும், பொய் சொன்னதற்கான வழக்கும் வரும். உண்மையைச் சொன்னால் அவ்வளவும் போய்விடாது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டியிருந்தாலும், கம்பெனி முதலில் காயம்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி உத்தரவிடும் வழியை உச்ச நீதிமன்றம் 2004-லேயே காட்டிவிட்டது. உரிமையாளருக்கு அது வலிதான். ஆனால் அடிபட்டவர் நடுத்தெருவில் நிற்கும் நிலை வராமல் இருக்கும்.

கார் ஓட்டியவர்கள் சறுக்கும் இன்னொரு இடம் மாஜிஸ்திரேட் கோர்ட். "ஃபைன் கட்டிட்டா இன்னிக்கே முடிஞ்சிரும்" என்று யாரோ சொல்ல, குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வருவார்கள். அந்த ஒப்புதல் பிறகு இழப்பீட்டு வழக்கில் சாட்சியமாக வந்து நிற்கும். தவறு உங்களுடையதுதான் என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். அலைச்சலை மிச்சப்படுத்த மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பணக் கணக்கு

சின்னச் சேதத்துக்கெல்லாம் கிளெய்ம் போடுவதும் நஷ்டமாக முடியலாம். 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000 ரூபாய். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாக 50 சதவீதம் கழிப்பார்கள். 6,000 ரூபாய் பம்பருக்கு, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷன் வசதியை பாலிசியோடு எடுக்காதவர் கையில் வருவது 2,000 ரூபாய். அதற்காக, ஐந்து வருடம் கிளெய்மே கேட்காமல் சேர்த்த 50 சதவீத பிரீமியம் தள்ளுபடியை, அதாவது நோ கிளெய்ம் போனஸை, அடுத்த புதுப்பித்தலில் இழக்க வேண்டியிருக்கும். கேட்பதற்கு முன் கணக்குப் போடுங்கள். பெரிய சேதம் என்றால் தயங்காதீர்கள், ஆனால் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்ப்பதற்கு முன் கழற்ற வேண்டாம் என்று மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அடுத்தவர் உங்கள் மீது போடும் தேர்டு பார்ட்டி கிளெய்மால் இந்த போனஸ் குறையாது.

தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் எடுத்து ஓட்டுபவர்கள், கூட வரும் நண்பருக்கும் அதில் பாதுகாப்பு உண்டு என்று நினைப்பது ஆபத்தான தவறு. சொந்தக் காரில் உடன் பயணிப்பவர் அந்த பாலிசியில் வர மாட்டார். ஃபுல் இன்சூரன்ஸில் வருவார். தன் தவறால் மட்டுமே விபத்துக்குள்ளாகி இறந்தவரின் குடும்பத்துக்கும் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கிடைக்காது. உரிமையாளரே ஓட்டியிருந்தால், அவருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடுதான் துணை. சில நூறு ரூபாய் மிச்சம் என்று அதை விட்டுவிடாதீர்கள். காரை விற்றவர்கள் ஆர்.சி.யில் பெயர் மாறியதா என்று கையோடு பார்த்துவிடுங்கள். பெயர் மாறாதவரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நீங்கள்தான். 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது.

நாள் கணக்கு

2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்து 6 மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும் என்ற கெடு சட்டத்தில் இருக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன என்றாலும், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள். விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றும் இல்லை, நீங்கள் வசிக்கும் இடத்திலும் போடலாம். இடித்துவிட்டுப் போன வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால் அதற்கென்று தனித் திட்டம் இருக்கிறது: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதற்கு வருவாய்த் துறை அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். ஆஸ்பத்திரி வார்டிலேயே வந்து வக்காலத்தில் கையெழுத்துக் கேட்கும் தரகர்களிடம் எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வருகிற பணத்தில் இத்தனை சதவீதம் என்று பேசி ஃபீஸ் வாங்க வக்கீல்களுக்கு பார் கவுன்சில் விதி இடம் தருவதில்லை.

ஓன் டேமேஜ் கிளெய்மை கம்பெனி மறுத்தால், முதலில் அதன் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை.