எல்லைச் சுவர் குறித்து வாதிடுவது எப்படி: ஓர் இடத்தில் கால் ஊன்றுங்கள்

‘எல்லைச் சுவர் தேவையா’ என்ற தலைப்பு கல்லூரி விவாத அரங்கில் வந்துவிட்டால், பெரும்பாலும் ஓர் அணி நாட்டின் பாதுகாப்பைப் பேசும், மற்றோர் அணி காட்டுயிர்களைப் பேசும், இரண்டும் எங்கும் சந்திக்காமலேயே மணி அடித்துவிடும். மாணவர்களைத் தயார்செய்யும்போது நான் முதலில் வலியுறுத்துவது இதுதான்: அமெரிக்க-மெக்சிகோ எல்லையின் ஏறத்தாழ 3,145 கிலோமீட்டரையும் ஒருசேரச் சுமக்காமல், அதில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து அங்கே நின்று வாதிடுங்கள்.

நான் பரிந்துரைக்கும் இடம், அரிசோனா மாநிலத்தின் சோனோரன் பாலைவனத்தில் இருக்கும் ஆர்கன் பைப் கள்ளித் தேசிய நினைவுச்சின்னம்; பெயர் அப்படியிருந்தாலும் அது பாதுகாக்கப்பட்ட ஓர் இயற்கைப் பூங்கா. இரு அணிகளுக்கும் வலுவான சான்றுகள் இங்கே உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன்பு கடத்தல்காரர்கள் எல்லையைத் தாண்டி வண்டிகளை இந்தப் பாலை நிலத்துக்குள் நேரடியாக ஓட்டி வந்தார்கள். 2002இல் பூங்காக் காவலர் ஒருவர் அங்கே சுட்டுக்கொல்லப்பட்டார். பூங்காவின் பெரும்பகுதி பல ஆண்டுகள் பொதுமக்களுக்கு மூடப்பட்டு, 2014இல்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. பாலை மண்ணில் பதிந்த சக்கரத் தடம் எளிதில் மறையாது. ஆகவே சுவரை எதிர்ப்பவர்கள், எல்லையைத் திறந்துவிட்டாலும் இயற்கைக்குச் சேதம் நேரும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு தொடங்க வேண்டும். இதை மறைத்துவிட்டுப் பேசினால் எதிரணி அதை எடுத்துக்காட்டிய நொடியில் உங்கள் வாதம் கலகலத்துவிடும்.

அதன் பிறகு நடந்ததுதான் விவாதத்தின் மையம். அந்த எல்லையின் பெரும்பகுதியில் முதலில் போடப்பட்டது தாழ்வான வாகனத் தடுப்பு. வண்டியால் அதைக் கடக்க முடியாது, விலங்குகளோ கம்பிக்கு அடியில் புகுந்து போக முடியும். பின்னர் 2019-20இல் அதை எடுத்துவிட்டு ஏறத்தாழ 9 மீட்டர் உயர எஃகுத் தூண் சுவரை எழுப்பினார்கள். டிரம்ப்பின் முதல் ஆட்சிக்காலத்தில் கட்டப்பட்ட சுமார் 737 கிலோமீட்டரில் பெரும்பகுதி, ஏற்கெனவே இருந்த தடுப்புகளுக்கு மாற்றாக வந்ததுதான். ‘பழையதை மாற்றினோம், அவ்வளவே’ என்று எதிரணி சொன்னால், எதை எடுத்துவிட்டு எதை வைத்தார்கள் என்று உடனே கேளுங்கள்.

வேறுபாட்டை அவையோருக்குக் கண்ணால் காட்டலாம். ஓர் ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து உயர்த்திப் பிடியுங்கள். அந்தச் சுவரின் தூண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அந்த அகலம்தான், சுமார் 10 சென்டிமீட்டர். பல்லியும் எலியும் அதில் புகுந்துவிடும். மானும் மலைச்சிங்கம் எனப்படும் பூமாவும் புகமுடியாது. பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்கு வேலியைத் தாண்டிக் குதிக்கும் வழக்கமே இல்லாதது. வறட்சியால் 2002இல் அமெரிக்கப் பக்கத்தில் சோனோரன் பிராங்ஹார்ன்கள் வெறும் 21 மட்டுமே எஞ்சின. இப்படிச் சுருங்கக்கூடிய மந்தைக்கு எல்லையின் மறுபுறம் இருக்கும் இனத்தோடு கலக்க வழியில்லாமல் போவது என்ன பொருள்படும் என்பதை நிதானமாக விளக்குங்கள், அவசரப்படாதீர்கள்.

தண்ணீரைப் பற்றிய வாதம் இதைவிடவும் வலுவானது; மாணவர்கள் அதை ஏனோ கைவிட்டுவிடுகிறார்கள். பாலைவனத்தின் காட்டோடைகள் ஆண்டு முழுவதும் வறண்டு கிடந்து, கோடை மழையில் ஒரே நாளில் பெருக்கெடுத்து ஓடுபவை. சுள்ளியும் குப்பையும் தடுப்பில் சிக்கியதும் வேலியே அணையாகிவிடுகிறது. 2008 ஜூலையில், பூங்காவை ஒட்டிய லூக்வில் என்னும் எல்லை ஊரின் அருகே ஆட்களைத் தடுக்கப் புதிதாகக் கட்டிய வேலி இப்படித்தான் வெள்ளத்தைத் தேக்கியது; 2011இல் அதே பூங்காவில் வெள்ளம் வேலியில் சுமார் 12 மீட்டரைப் பெயர்த்துக்கொண்டு போனது. இது பாதுகாப்புக்கும் இழப்புதானே என்று கேட்கும் இடத்தில் இரண்டு அணிகளும் முதன்முறையாக ஒரே பொருளைப் பேசத் தொடங்கும். எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் கீட்டோபாகீட்டோ ஊற்றையும் மறக்காதீர்கள். டொஹோனோ ஓடம் பழங்குடியினருக்கு அது புனித இடம். அப்பகுதியில் கான்கிரீட் கலப்பதற்கு நிலத்தடி நீரை இறைத்தபோது அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

சுவரை ஆதரிக்கும் அணிக்கு என் அறிவுரை, சுவர் தடுக்கும் என்று சொல்லாமல் தாமதப்படுத்தும் என்று சொல்லுங்கள் என்பதே. நகர எல்லையில் தாண்டியவர் சில நிமிடங்களில் வீதிக் கூட்டத்தோடு கலந்துவிடுவார். அங்கே காவலர் வந்து சேரும்வரை கிடைக்கும் தாமதம் பெரிது. பல நாள் நடை இருக்கும் பாலையில் அதே தாமதத்துக்கு அவ்வளவு மதிப்பில்லை. 1990களில் கலிபோர்னியாவின் எல்லை நகரான சான் டியாகோவில் வேலியோடு காவலர்களையும் பெருக்கியபோது அங்கே பிடிபடுவோர் தொகை சரிந்தது. ஆனால் வருவோர் கிழக்கே அரிசோனாப் பாலைக்குத் திரும்பினார்கள், பலர் வழியிலேயே மாண்டார்கள். இந்த ஒரு சான்றை இரு அணிகளும் முழுமையாக, பாதியை விழுங்காமல் சொல்ல வேண்டும்.

எண்களைக் கையாளும்போது கவனம் தேவை. பிடிபட்டோர் எண்ணிக்கை, வந்தோர் எண்ணிக்கை ஆகாது. 2020 முதல் 2023 வரை உடனுக்குடன் திருப்பியனுப்பும் கொரோனாக் கால விதி இருந்தபோது ஒரே ஆள் பலமுறை பிடிபட்டுப் பலமுறை எண்ணப்பட்டார். பிடிபடும் ஃபென்டனில் போதைப்பொருளில் பெரும்பகுதி சட்டப்படியான நுழைவாயில்களில், வாகனங்களுக்குள் அகப்படுவது என்பதால், அதைச் சுவருக்குச் சான்றாக வைக்காதீர்கள். வேலிகள் பாதுகாப்புக்கு எவ்வளவு பங்களித்தன என்பதை அளக்கும் அளவுகோலை எல்லைக் காவல் துறை உருவாக்கவில்லை என்று 2017இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பே சுட்டிக்காட்டியது.

மறுபக்கம், ‘சேதம் என்றால் ஆய்வறிக்கை எங்கே?’ என்ற கேள்வியும் வரும். 2005ஆம் ஆண்டு ரியல் ஐடி சட்டம், சுவர் கட்டுவதற்காகச் சுற்றுச்சூழல் சட்டங்களை விலக்கி வைக்கும் அதிகாரத்தை உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சருக்கு அளிக்கிறது. 2023இல் பைடன் அரசும் டெக்சாசில் 26 சட்டங்களை இப்படி விலக்கியது. கட்டுமுன் மதிப்பீடு செய்யக் கட்டாயமில்லாத இடத்தில், மதிப்பீடு இல்லை என்பது சேதமில்லை என்பதற்குச் சான்றாகாது. என்னைப் பொறுத்தவரை முழு விவாதத்திலும் மிக வலுவான மறுப்புரை இதுதான்.

தொகுப்புரையில் நடுவர், ‘சரி, நீங்கள் எதைக் கட்டுவீர்கள்?’ என்று கேட்டால் திணறக் கூடாது. எந்த ஓடையில் எந்த மாதம் சுவரின் வெள்ள மதகு திறந்திருக்க வேண்டும், எங்கே வாகனத் தடுப்பு போதும், எங்கே கேமராவும் காவலரும் வேண்டும், எந்த நகர எல்லையில் உயர்ந்த சுவருக்குக் காரணம் இருக்கிறது என்று ஆர்கன் பைப் வரைபடத்தையும் சான் டியாகோ வரைபடத்தையும் அருகருகே வைத்து, இடத்தைத் தொட்டுக்காட்டிப் பதில் சொல்லுங்கள்.