டூரிங் பைக்குக்கு கேம் வாங்கும் முன் பார்க்க வேண்டிய எண்

எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்ட்டை (சுருக்கமாக, கேம்) மாற்ற நினைப்பவர்களின் கண் முதலில் போவது உச்ச குதிரைத்திறன் மேல்தான். நெடுந்தூரம் போகும் டூரிங் வண்டிக்கு அதை விட்டுவிடுங்கள். பெட்டிகளும் பின்னால் ஓர் ஆளுமாகப் போகும் பெரிய வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர் கொண்ட எஞ்சின்) பெரும்பாலும் 2000 முதல் 3500 ஆர்பிஎம்முக்குள்தான் ஓடும். எஞ்சின் திறனை அளக்கும் டைனோ கருவியின் வரைபடத்தில் அந்த இடத்தில் டார்க் (சுழற்றும் விசை) எவ்வளவு என்று பாருங்கள்.

அப்புறம், கேமுடன் வரும் விவர அட்டையில், எரிபொருள்-காற்றுக் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு மூடும் கோணத்தைப் பாருங்கள். பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டு மேலேறத் தொடங்கிய பிறகும் அந்த வால்வு கொஞ்சம் திறந்தே இருக்கும். தாமதமாக மூடினால், குறைந்த வேகத்தில் உள்ளே வந்த கலவையில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். மேட்டில் இழுவை சோர்ந்துபோகும். கம்ப்ரஷனை (கலவையைப் பிஸ்டன் அழுத்தும் அளவை) கூட்டாத எஞ்சினுக்கு, பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டி 30 டிகிரியை ஒட்டி மூடுவது நல்லது. 45ஐத் தாண்டும் கேம், பிஸ்டனையும் மாற்றிக் கம்ப்ரஷனைக் கூட்டுபவர்களுக்கானது. மாறாக, கம்ப்ரஷனைக் கூட்டிவிட்டுச் சீக்கிரம் மூடும் கேமைப் போட்டால், வெயிலில் பாரத்தோடு ஏறும்போது கலவை முறைதவறி வெடித்து எஞ்சின் தட்டும்.

லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) கூடினால் பழைய வால்வு ஸ்பிரிங் தாங்குமா என்று கேம் தயாரிப்பாளரிடமே கேளுங்கள். 1999 முதல் 2006 வரை வந்த ஹார்லி ட்வின் கேம் டூரிங் வண்டியா? கேம் மூடியைக் கழற்றியதும் கேம் செயினை இறுக்கமாக வைக்கும் டென்ஷனர் ஷூவைப் பாருங்கள். அது தேய்ந்து தூள் எண்ணெயில் கலப்பது தெரிந்த கதை. புது கேமைவிட அதுதான் அவசரச் செலவு.

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவைப் புது கேமுக்கு ஏற்ப ட்யூன் செய்யவும் பணம் ஒதுக்குங்கள். அது இல்லாமல் கேம் மட்டும் மாற்றுவது வீண்.