ஆக்டோபாத் டிராவலர் பற்றி எழுத உட்காரும் முன்

விளையாட்டு விமர்சனம் எழுத வருகிறவர்களின் வரைவுகளைத் திருத்திக் கொடுப்பது சில வருடங்களாக என் தலையில் விழுந்திருக்கும் வேலை. போன மாதம் மட்டும் ஒரே விளையாட்டைப் பற்றி நான்கு வரைவுகள் வந்தன. ஆக்டோபாத் டிராவலர், கதை சார்ந்த ஜப்பானிய ரோல்-பிளேயிங் விளையாட்டு. 2018 ஜூலை 13 அன்று நின்டெண்டோ ஸ்விட்ச்சில் வந்தது. இப்போது தள்ளுபடியில் வாங்கி ஆடியவர்கள், அன்றைய விமர்சகர்கள் சொன்னது சரியா தப்பா என்று எழுதக் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் நான்கு வரைவுகளிலும் நான் அன்று செய்த அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். படித்தபோது என் பழைய நோட்டுப் புத்தகத்தை யாரோ திருடிவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது.

பாத்திரத்தின் பெயரை மாற்றி எழுதுவது, வெளியான வருடத்தைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை இங்கே பேசப்போவதில்லை. இரண்டாம் முறை படித்தால் அவை கண்ணில் பட்டுவிடும். பார்த்தும் தெரியாத தவறுகள்தான் ஆபத்து. இன்னொன்று, கதையின் முடிவைத் தொடாமல் இதைப் பேச முடியாது. இனிமேல்தான் ஆடப்போகிறீர்கள் என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

"ரெட்ரோ" என்று சொல்லிவிட்டு நகர்வது

நான்கில் மூன்று வரைவுகள் "அந்தக் கால சூப்பர் ஃபாமிகாம் விளையாட்டு போலவே இருக்கிறது" என்று தொடங்கின. 90களின் நின்டெண்டோ பெட்டி அது. இல்லை. அந்தக் காலத்து எந்தக் கருவியாலும் இதை ஓட்டியிருக்க முடியாது. ஆட்கள் மட்டும்தான் தட்டையான பிக்சல் பொம்மைகள். அவர்கள் நடக்கும் ஊர் அன்ரியல் என்ஜின் 4 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் கட்டிய முப்பரிமாண அரங்கம். தூரத்தில் இருப்பது கேமராவில் எடுத்தது போல மங்கும், விளக்கின் வெளிச்சம் கல் தரையில் படரும், குகைக்குள் போனால் கையிலிருக்கும் விளக்கைச் சுற்றி மட்டும் தரை தெரியும். விளையாட்டின் நிறுவனமான ஸ்குவேர் எனிக்ஸ் இதற்கு ஹெச்டி-2டி என்று பெயர் வைத்து, பிறகு டிராகன் குவெஸ்ட் 3 வரை இதே பாணியில் மறுபடி செய்தது. 2018இல் சிலர் பாராட்டியதும் சிலர் கண்ணை உறுத்துகிறது என்றதும் இந்த மங்கலையும் வெளிச்சத்தையும்தான். இரண்டுமே ரெட்ரோ அல்ல.

இதிலேயே இன்னொன்று. "என் சிறுவயதை நினைவூட்டியது" என்று 23 வயதுத் தம்பி ஒருவர் எழுதியிருந்தார். நம் ஊரில் 90களில் வீட்டுத் தொலைக்காட்சியில் செருகியது போலி ஃபாமிகாம் பெட்டிகளை. அதில் ஓடியது மாரியோ, கான்ட்ரா. 1994இல் வந்த ஃபைனல் ஃபேண்டஸி 6ஐ அன்றே ஆடி வளர்ந்தவர்களை நான் இங்கே இதுவரை சந்திக்கவில்லை. நானும் அதைப் பிற்பாடு எமுலேட்டரில்தான் பார்த்தேன். வெளிநாட்டு விமர்சகரின் ஏக்கத்தை இரவல் வாங்காதீர்கள். அந்த ஏக்கம் இல்லாதவருக்கு இந்த விளையாட்டு எப்படி இருக்கிறது என்று எழுதினால் அதுவே புதிய கட்டுரை.

83 என்ற எண்ணை முதல் வரியில் வைப்பது

பல விமர்சகர்களின் மதிப்பெண்களைத் திரட்டும் மெட்டாகிரிட்டிக் தளத்தின் சராசரி அது. சராசரிக்குக் கருத்து கிடையாது.

ஆடி முடிக்காமல் "இல்லை" என்று எழுதுவது

இதற்குத்தான் வந்தேன். இன்றும் எனக்கு எரிச்சல் தருவது இது. காரணம், இதில் சிக்கியவன் நான்.

விளையாட்டின் அமைப்பைத் தெரிந்தவர்கள் ஒரு பத்தி பொறுத்துக்கொள்ளுங்கள். எட்டு நாயகர்கள், ஒவ்வொருவருக்கும் நான்கு அத்தியாயம், மொத்தம் 32. யாரிடமிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். மற்றவர்களை ஊர் ஊராகப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம். வெளியான வாரத்தில் வந்த விமர்சனங்களில் திரும்பத் திரும்ப வந்த குறை, இந்த எட்டுக் கதைகளும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்பது. அந்த எட்டுப் பேரில் ஒருத்தியான பிரிம்ரோஸ் தன் தந்தையைக் கொன்றவர்களைத் தேடிப் போகிறாள். வழியெல்லாம் மூன்று பேர் தோளோடு தோள் நின்று சண்டை போடுகிறார்கள். கொலைகாரர்களில் ஒருவன் முன்னால் காட்சி தொடங்கியதும் அந்த மூன்று பேரும் மாயம். அவள் மட்டும் நிற்கிறாள், அவள் மட்டும் பேசுகிறாள். பேச்சு முடிந்து சண்டை ஆரம்பித்ததும் மூவரும் திரும்ப வந்து வரிசையில் நிற்கிறார்கள். கொஞ்சம் கேலிக்கூத்தாகத்தான் இருக்கும்.

நான் அப்போது ஒரு சின்னப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருந்தேன். ஓஃபிலியா என்ற நாயகியில் தொடங்கி, நாற்பது மணி நேரம் போல ஆடி, அவளுடைய நான்காம் அத்தியாயத்தை முடித்தேன். திரையில் தயாரித்தவர்களின் பெயர்கள் ஓடின. பெயர்கள் ஓடினால் படம் முடிந்தது என்றுதானே நமக்குப் பழக்கம்? அன்றிரவே உட்கார்ந்து எழுதினேன்: "எட்டுக் கதைகளும் கடைசிவரை சந்திக்கவே இல்லை." அந்த வரி எனக்கே ரொம்பப் பிடித்திருந்தது. வெளிநாட்டு விமர்சனங்கள் ஐந்தாறைப் படித்திருந்தேன், எல்லாரும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். தைரியத்துக்குக் கேட்கவா வேண்டும்.

கட்டுரை வந்து பத்து நாளில் ஒரு வாசகரின் கடிதம். நான்கே வரி. "அண்ணா, கட்டுரை நன்று. ஹோர்ன்பர்க் இடிபாடுகளில் இருக்கும் வாசலுக்குள் போனீர்களா? போயிருந்தால் 'சந்திக்கவே இல்லை' என்று எழுதியிருக்க மாட்டீர்கள்." எந்த வாசல் என்றே எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் அடுத்த இதழில் திருத்தம் போட்டார். என்னைத் திட்டவில்லை, அடுத்த ஆறு மாதத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் நீளும் எந்த விளையாட்டையும் என்னிடம் தரவில்லை, அவ்வளவுதான். சம்பளமாகப் பார்த்தால் அது கணிசமான தொகை.

சரி, அந்த வாசல். முக்கியக் கதைகளை முடித்து, சில பக்கக் கதைகளையும் விடாமல் தொடர்ந்தால் அது திறக்கும். அந்தப் பக்கக் கதைகளில் வரும் ஒருவன் கிட் கிராஸ்ஃபோர்டு, தகப்பனைத் தேடி அலையும் இளைஞன். ஆரம்பத்திலேயே வழியில் எதிர்ப்படுவான், கடந்து போய்விடுவோம். அவன் தகப்பன் கிரஹாம் யார் என்பதுதான் முடிச்சு. ஆல்ஃபின், டிரெஸ்ஸா, ஹானிட் மூவரும் எட்டு நாயகர்களில் அடக்கம். சிறுவயதில் ஆல்ஃபினின் உயிரைக் காப்பாற்றிய நாடோடி மருத்துவர் அவர். டிரெஸ்ஸா முதல் அத்தியாயத்திலிருந்து சுமந்து திரியும் நாட்குறிப்பை எழுதியவர் அவர். ஹானிட்டின் குருவைக் கல்லாக்கிய ரெட்ஐ என்ற மிருகம் இருக்கிறதே, அதுவாக மாற்றப்பட்டவரும் அவரேதான். வாசலுக்குள் எட்டு பாஸ்களோடு, அதாவது பெரிய எதிரிகளோடு, மோத வேண்டும். அங்கே கிடைக்கும் எழுத்துகளில் எட்டுக் கதைகளுக்கும் பின்னால் இருந்த ஒரே சூழ்ச்சி தெரிய வருகிறது. கடைசியில் இறுதி எதிரியான கால்டெரா.

உள்ளே போனால் சேவ் செய்ய முடியாது. கால்டெராவின் முதல் பாதிக்கு நான்கு பேர், இரண்டாம் பாதிக்கு மீதி நான்கு பேர். நான் மூன்று மாதம் கழித்து, அவமானத்தில் அங்கே போனேன். முதல் நால்வர் கச்சிதமாக முடித்துவிட்டார்கள். இரண்டாவது அணியில் டிரெஸ்ஸா நின்றாள், லெவல் 30ஐத் தாண்டவில்லை. நான் அவளைச் சத்திரத்தில் உட்கார வைத்து மறந்தே போயிருந்தேன். இரண்டு சுற்று தாங்கினாள். எட்டு பாஸ்களும் முதலிலிருந்து. மணி இரவு ஒன்றரை.

இப்போது கவனியுங்கள், விஷயம் இங்கேதான் சிக்கலாகிறது. கடிதம் எழுதியவர் சொன்னது சரி. அதனால் மற்ற விமர்சகர்கள் சொன்னது தப்பு என்று ஆகிவிடுமா? ஆகாது. போன மாதம் வந்த வரைவுகளில் ஒன்று இந்த மறுகோடிக்கு ஓடியிருந்தது: "விமர்சகர்கள் யாரும் முடிக்கவில்லை, அதனால்தான் குறை சொன்னார்கள்." ஒரு விளக்கக் காணொளியைப் பார்த்துவிட்டு எழுதியது என்று வாசனையிலேயே தெரிந்தது.

"கதைகள் ஒட்டவில்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனிப் புகார்கள் இருக்கின்றன. ஒன்று, எட்டுக் கதைகளுக்கும் பொதுவான மூலக்கதை இல்லை என்பது. இது பிழை, இருக்கிறது. இரண்டு, ஒருவர் கதையின் முக்கியக் காட்சியில் மற்றவர்களுக்கு இடமில்லை என்பது. இது முழு உண்மை. இடையிடையே பட்டனை அழுத்தினால் இருவர் பேசிக்கொள்ளும் சின்ன உரையாடல்கள் வரும். இனிமையானவை, ஆனால் கதையை ஓர் அங்குலம் நகர்த்தாது. கால்டெராவை வீழ்த்தினாலும் பிரிம்ரோஸ் அந்தக் காட்சியில் தனியாகத்தான் நின்றாள். மூன்று, பொதுக்கதையை இவ்வளவு தூரம் ஒளித்து வைத்தது, அதையும் காட்சியாக அல்லாமல் படித்துத் தெரிந்துகொள்ளும் காகிதங்களாகக் கொடுத்தது. இது அபிப்பிராயம். என் அபிப்பிராயத்தில் அது மோசமான முடிவு, அறுபது மணி நேரம் உழைத்தவருக்குக் காட்சி தர வேண்டும். ஆனால் இதைச் சொல்ல அந்தக் காகிதங்களைப் படித்திருக்க வேண்டும்.

2018இல் பலர் இரண்டாவதைச் சொல்ல நினைத்து முதலாவதை எழுதினார்கள். நானும்தான். "நான் ஆடிய நாற்பது மணி நேரத்தில் அவர்கள் ஒருவர் கதையில் ஒருவர் தலையிடவே இல்லை" என்று எழுதியிருந்தால் எந்தக் கடிதமும் வந்திருக்காது. முடிக்கவில்லை என்பது குற்றமில்லை. இவ்வளவு நீளமான விளையாட்டை வெளியீட்டு நாளுக்குள் முடிக்க ஆளில்லை. எங்கே நிறுத்தினேன் என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும்.

இப்போதெல்லாம் இந்த விளையாட்டைப் பற்றி எந்த வரைவு வந்தாலும் ஓரத்தில் பென்சிலால் ஒரே கேள்வி எழுதித் திருப்பி அனுப்புகிறேன்: "கிட்டைச் சந்தித்தீர்களா?" நான்கில் மூன்று பேர் "யார் அண்ணா அது?" என்று பதில் போட்டார்கள்.

"ஒரே கிரைண்ட்" என்று எழுதிக் காரணத்தை விட்டுவிடுவது

லெவல் ஏற்றுவதற்காகவே சண்டை போட வேண்டியிருந்தது என்ற குறையும் பல விமர்சனங்களில் உண்டு. அதை எடுத்து எழுதும் பிள்ளைகள் ஏன் என்று பார்ப்பதில்லை. அணியில் நான்கு பேருக்குத்தான் இடம், அனுபவப் புள்ளி அவர்களுக்கு மட்டும்தான். வெளியே இருப்பவர் உறைந்து போய் இருப்பார். போதாததற்கு, முதலில் தேர்ந்தெடுத்தவரை அவர் கதை முடியும்வரை அணியிலிருந்து எடுக்கவே முடியாது. ஆக, மாற்றிப் பார்க்க மூன்றே இடம். இரண்டாம் அத்தியாயங்கள் இருபதுகளில் இருக்கும் லெவலைக் கேட்கும், நான்காம் அத்தியாயங்கள் 45ஐ நெருங்கும். எட்டுப் பேர் கதையையும் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இந்தக் கணக்கு உதைக்கும். நான்கு பேர் கதை போதும் என்பவருக்கு இந்தக் குறை கண்ணிலேயே படாது. இரண்டு விமர்சகர்கள் இதில் முரண்பட்டால் யாரும் பொய் சொல்லவில்லை, இருவரும் வேறு வேறு விதமாக ஆடியிருக்கிறார்கள்.

அதே நேரத்தில் சண்டையின் அமைப்பைக் குறை சொன்னவர்கள் அபூர்வம். எதிரிக்குக் கீழே கேடயத்தில் ஓர் எண் இருக்கும். அதற்கு ஆகாத ஆயுதத்தால் அடித்தால் எண் குறையும், பூஜ்யத்தில் அது நிலைகுலைந்து தன் முறையை இழக்கும். நம் பக்கம் ஒவ்வொரு முறைக்கும் ஒரு பூஸ்ட் புள்ளி, ஐந்து வரை சேர்க்கலாம், ஒரே வீச்சில் மூன்று செலவழிக்கலாம். செலவழித்தால் அடுத்த முறை புள்ளி வராது. சேர்க்கவா, இப்போதே கொட்டவா என்ற இந்தச் சின்னக் கணக்குதான் சாதாரண வௌவாலோடு போடும் சண்டையைக்கூடத் தாங்க வைத்தது. இதை விளக்காமல் "சண்டை அருமை" என்று எழுதினால் யாருக்கு என்ன லாபம்?

மொழிபெயர்ப்பாளரின் வேலைக்குக் கதாசிரியரைத் திட்டுவது

ஹானிட் பேசும் பழங்கால ஆங்கிலம் பலருக்கு எரிச்சல். அது ஆங்கில வடிவத்துக்காகச் சேர்த்தது. நாம் ஆடுவது அந்த வடிவத்தைத்தான் என்பதை ஒரு வரியில் நினைவுபடுத்துங்கள்.

இசை

"இசை நன்றாக இருக்கிறது." சரி, எந்த இடத்தில்? இசையமைப்பாளர் யசுனோரி நிஷிகி செய்த ஒன்றைச் சொல்கிறேன். பாஸ் சண்டைக்கு முந்தைய காட்சியில் அந்தப் பாத்திரத்தின் சொந்த மெட்டு ஒலிக்கும், அது அறுபடாமல் அப்படியே சண்டை இசைக்குள் வழிந்துவிடும். எட்டுப் பேருக்கும் தனித்தனியாக இந்த இணைப்பு உண்டு. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு ஒரு முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

விற்பனையைச் சான்றாக வைப்பது

மூன்று வாரத்தில் பத்து லட்சம் பிரதிகள். ஜப்பானில் விளையாட்டுப் பெட்டிகளுக்குத் தட்டுப்பாடு வந்து நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. இது விமர்சனத்துக்குச் சான்றல்ல.

இரண்டாம் பாகத்தை வைத்து முதல் பாகத்தை அடிப்பது

2023 பிப்ரவரியில் இரண்டாம் பாகம் வந்தது. அதில் இருவர் இருவராகச் சேர்ந்து வரும் கதைகளும், எல்லாரும் ஒன்றுகூடும் இறுதிப் பகுதியும் வெளிப்படையாகவே இருக்கின்றன. உடனே "விமர்சகர்கள் சொன்னது நிரூபணமாகிவிட்டது" என்று எழுதுகிறார்கள். இதை உருவாக்கிய அணியினர் கருத்துக் கேட்டு மாற்றுவது அப்போது புதிதல்ல. 2017 செப்டம்பரில் முதல் பாகத்துக்கு டெமோ விட்டு, ஆடியவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். வேகமாக ஓடுவது, போய்வந்த ஊருக்குத் தாவுவது, காட்சியைத் தாண்டுவது, கூடுதல் சேவ் இடங்கள் எல்லாம் அதற்குப் பிறகு சேர்ந்தவை. ஓடினால் எதிரிகள் அடிக்கடி வருவார்கள் என்று ஒரு கொக்கியையும் மாட்டித்தான் கொடுத்தார்கள். அந்த டெமோவை ஆடியவர்களின் கருத்தையும், முழு விளையாட்டை ஆடியவர்களின் கருத்தையும் ஒரே பத்தியில் கலந்து எழுதிய வரைவு இப்போது என் மேசையில் கிடக்கிறது. பென்சில் முனையைச் சீவிக்கொண்டிருக்கிறேன்.