வீட்டுக் காற்று ஃபில்டர் வாங்குமுன்: அட்டையிலுள்ள எண்ணை விட மெஷினைப் பாருங்கள்

வெளிநாட்டில் புதிதாக வந்து இறங்குகிறவர்களுக்கு வங்கிக் கணக்கு, சிம் கார்டு, ஓட்டுநர் உரிமம் பற்றிச் சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். வீட்டுக்குள் சுற்றும் காற்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்தே வளர்ந்த நமக்கு, வருடத்தில் பாதி நாள் எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டு, ஒரே ப்ளோயர் (பெரிய காற்றாடி) டக்ட் என்ற காற்றுக் குழாய்கள் வழியாக அதே காற்றைத் திரும்பத் திரும்ப எல்லா அறைக்கும் தள்ளுகிற வீடு புதுசு. அந்த ப்ளோயருக்கு முன்னால் ஒரு ஃபில்டர் இருக்கும். சில வீடுகளில் சூடும் குளிரும் தரும் மெஷின் பக்கத்திலேயே ஒரு பிளவில் செருகியிருப்பார்கள், சில வீடுகளில் காற்றை உள்ளே இழுக்கும் பெரிய கிரில்லுக்குப் பின்னால் இருக்கும். வீட்டுச் சாவி வாங்கும் அன்றே அது எங்கே என்று கேட்டு, வெளியே எடுத்துப் பாருங்கள். முன்பு குடியிருந்தவர் விட்டுப்போன சாம்பல் நிற அட்டைதான் அனேகமாக அங்கே இருக்கும்.

அடுத்து ஊர்க் காற்று. அரசு வெளியிடும் காற்றுத் தரத் தளத்தைப் பாருங்கள், ஆனால் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். இந்தியக் குறியீட்டில் 100 என்றால் பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்; ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அமெரிக்கக் குறியீட்டில் அதே 100 என்பது சுமார் 35 மைக்ரோகிராம்தான். பிரிட்டனிலும் கனடாவிலும் அளவே 1 முதல் 10 என்று போகிறது. அதனால் நேரடியாக மைக்ரோகிராம் எவ்வளவு என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன வரம்பு 24 மணி நேர சராசரிக்கு 15, ஆண்டு சராசரிக்கு 5. அதோடு உங்கள் பகுதியில் தொல்லை எது என்பதையும் அக்கம்பக்கத்தில் கேளுங்கள்: வசந்த காலத்து மகரந்தமா, கோடையில் காட்டுத்தீப் புகையா, பக்கத்து நெடுஞ்சாலையா? மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

வட அமெரிக்காவில் ஃபில்டர் அட்டையில் மெர்வ் என்று ஓர் எண் இருக்கும், 1 முதல் 16 வரை; எண் கூடக்கூட இன்னும் சிறிய துகளையும் பிடிக்கும். மகரந்தம் பெரிய துகள், பெரும்பாலும் 10 மைக்ரானுக்கு மேல். அதற்கு மெர்வ் 8 போதும். புகை அப்படியில்லை, அதில் பெரும்பகுதி 1 மைக்ரானுக்கும் கீழே. 0.3 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகளில் பாதியையாவது பிடிக்க வேண்டுமென்றால் மெர்வ் 13 வேண்டும். ஐரோப்பாவில் ஐஎஸ்ஓ 16890 என்ற வேறு முறை, அங்கே 1 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகளுக்கு இபிஎம்1 (ePM1) என்ற வரியைத் தேடுங்கள்.

இதைப் படித்ததும் "சரி, 13 வாங்கிப் போட்டுவிட்டால் முடிந்தது" என்று தோன்றும். என் நண்பரும் அதைத்தான் செய்தார். மகளுக்கு மூச்சிரைப்பு, வெளியே புகை மூட்டம். கடையில் நின்றவர் "இருப்பதிலேயே உயர்ந்தது இதுதான்" என்று ஓர் அங்குல ஃபில்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், மெஷின் எது, எவ்வளவு பழசு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில நாளில் நண்பர் போன் செய்தார்: "ஏசி ஓடுது, ஆனா காத்தே வரலைடா." போய்ப் பார்த்தால் உள்ளே காற்றைக் குளிர்விக்கும் காயிலுக்குப் போகும் செம்புக் குழாய் முழுக்க வெள்ளை வெளேரென்று பனி. கீழே தண்ணீர் சொட்டித் தரைவிரிப்பு நனைந்து கிடந்தது.

நடந்தது இதுதான். நெருக்கமான வலை காற்றைத் தடுக்கிறது. ஓர் அங்குல அட்டையில் மடிப்புகள் ஆழமில்லை, மொத்தப் பரப்பும் குறைவு. பழைய மெஷினின் ப்ளோயரால் அதைத் தாண்டிப் போதுமான காற்றை இழுக்க முடியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொல்வது போலத்தான். காயில் மேல் போகும் காற்று குறைந்தால் காயில் உறைநிலைக்குக் கீழே போகிறது, ஈரம் பனியாகப் படிகிறது, அந்தப் பனி மிச்சக் காற்றையும் அடைக்கிறது. அப்படியே ஓடவிட்டால் திரவமாகவே குளிர்பதனப் பொருள் கம்ப்ரஸருக்குத் திரும்பி அதையும் கெடுக்கும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸுக்கு நேர் எதிர்: சூடு வெளியேற வழியில்லாமல் பாதுகாப்பு சுவிட்ச் மெஷினை நிறுத்திவிடும். உங்கள் வீட்டில் பனியைக் கண்டால் உடனே கூலிங்கை நிறுத்தி, ஃபேனை மட்டும் ஓடவிட்டு உருகவிடுங்கள். சுரண்டாதீர்கள்.

வீட்டுக்காரர் பழுது பார்த்த செலவை அப்படியே நண்பர் தலையில் கட்டினார். எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதில்தான். எந்த ஃபில்டர் போடலாம் என்று வீட்டில் எங்கும் எழுதி வைக்கவில்லை, கேட்டபோது "ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்" என்றவர், பில் வந்ததும் ஒப்பந்தத்தைக் காட்டினார். அதனால் குடியேறும்போதே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள்: ஃபில்டர் மாற்றுவது யார் பொறுப்பு, என்ன அளவு, மெர்வ் எவ்வளவு வரை இந்த மெஷின் தாங்கும்? பதில் எழுத்தில் இருக்கட்டும்.

மெர்வ் 13 கெட்டது என்று சொல்ல வரவில்லை. புதிய மெஷின்கள் பல அதைத் தாராளமாகத் தாங்கும். நான்கு அங்குல ஃபில்டர் போட இடமிருந்தால் இன்னும் நல்லது, மடிப்பு ஆழமாக இருப்பதால் அதே 13-ல் தடை குறைவு, மாற்றுவதும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று தள்ளிப்போகும். ஓர் அங்குலத்தை ஒன்று முதல் மூன்று மாதத்தில் மாற்ற வேண்டும், புகை நாட்களில் அதற்கும் முன்பே. சந்தேகமென்றால் சர்வீஸுக்கு வருபவரிடம் ஸ்டேட்டிக் பிரஷர் (காற்றைத் தள்ள ப்ளோயர் சமாளிக்கும் அழுத்தம்) அளக்கச் சொல்லுங்கள். வீட்டு மெஷின்கள் பெரும்பாலும் 0.5 அங்குல நீர் அழுத்தத்துக்குத்தான் வடிவமைக்கப்பட்டவை. அதைத் தாண்டியிருந்தால் மெர்வ் 8-லேயே நின்றுகொண்டு, படுக்கையறைக்குத் தனியாக ஏர் ப்யூரிஃபையர் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். நண்பர் கடைசியில் அப்படித்தான் செய்தார், குழந்தை இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள்.

ப்யூரிஃபையரில் பெட்டி மேல் எழுதியிருக்கும் "இத்தனை சதுர அடிக்கு" என்பதை நம்பாதீர்கள். மணிக்கு ஒரே ஒரு முறை காற்றைச் சுத்தம் செய்வதை வைத்துக்கூட அந்தக் கணக்கைப் போடுகிறார்கள். சிஏடிஆர் (CADR) எண்ணைத் தேடுங்கள், நிமிடத்துக்கு எத்தனை கன அடி சுத்தமான காற்று தருகிறது என்பது அது. அறையின் சதுர அடியில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும்: 200 சதுர அடி அறைக்குச் சுமார் 133. எட்டடி உயர அறையில் இது மணிக்கு ஐந்து முறை. காட்டுத்தீப் புகை வரும் ஊர் என்றால் சதுர அடி எவ்வளவோ அவ்வளவு சிஏடிஆர் வேண்டும். மணிக்கு இத்தனை கன மீட்டர் என்று போட்டிருந்தால் 1.7-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அந்த எண் முழு வேகத்தில் அளந்தது; ராத்திரி சத்தமில்லாத வேகத்தில் வைத்தால் அதில் பாதிகூடத் தேறாது, ஒரு சைஸ் பெரியதாக வாங்குங்கள். "ஹெப்பா வகை", "ஹெப்பா போன்ற" என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா (HEPA, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஃபில்டர்) இல்லை. உண்மையான ஹெப்பா 0.3 மைக்ரானில் 99.97 சதவீதம் பிடிக்கும், அந்த எண்ணை அட்டையிலேயே போட்டிருப்பார்கள். அயனி விடுகிறது, ஓசோன் விடுகிறது என்று பெருமையாகச் சொல்லும் கருவிகள் பக்கமே போகாதீர்கள். ஓசோன் நுரையீரலுக்குக் கெடுதல், மூச்சிரைப்பு உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் அதற்கு இடமே இல்லை.

அப்புறம் சின்ன விஷயங்கள். அட்டையின் ஓரத்தில் அம்புக்குறி இருக்கும், அது ப்ளோயரை நோக்கி இருக்க வேண்டும். 16x25 என்று போட்டிருந்தாலும் உண்மை அளவு அரை அங்குலம் வரை குறைவாக இருக்கலாம். சுற்றி இடைவெளி விழுந்தால் காற்று அந்த வழியாகவே போய்விடும், எவ்வளவு நல்ல ஃபில்டரும் வீண். தெர்மோஸ்டாட்டில் ஃபேன் ஆட்டோவில் இருந்தால் சூடோ குளிரோ தேவைப்படும்போது மட்டும்தான் காற்று ஃபில்டர் வழியாகப் போகும். புகை நாட்களில் "ஆன்" நிலையில் போடுங்கள். வெளிக்காற்றை இழுக்கும் வழி இருந்தால் அன்றைக்கு மட்டும் மூடிவிட்டு, புகை விலகியதும் மறக்காமல் திறந்துவிடுங்கள், ஏனென்றால் மூச்சுவிட்டுத் தேங்கும் கார்பன் டை ஆக்சைடை எந்த ஃபில்டரும் எடுக்காது. வாடைக்கு ஆக்டிவேட்டட் கார்பன் வேண்டும், பெயருக்குக் கருப்புத் துணி ஒட்டியது போதாது. கார்பன் மோனாக்சைடுக்கு ஃபில்டரே கிடையாது, அதற்கு அலாரம்தான். அது வீட்டில் இருக்கிறதா, பொத்தானை அழுத்தினால் கத்துகிறதா என்று குடியேறும் அன்றைக்கே பாருங்கள்.