ஆழம் பார்த்துக் காலை விட ஒரு மெய்நிகர் கணினி

எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கணினி. அம்மா பேசிய ஒலிப்பதிவுகள், இருபது ஆண்டுப் புகைப்படங்கள், மகளின் படிப்பு வேலைகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுக்கும் இலவச மென்பொருள் ஒன்றை ஒருமுறை யோசிக்காமல் அதில் நிறுவிவிட்டேன். சொன்ன வேலையை அது செய்தது. கூடவே, கேட்காமலேயே இன்னும் மூன்று நிரல்களை உள்ளே இறக்கியது. பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறியது. கணினி தொடங்குவதற்கே ஐந்து நிமிடம் ஆனது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். அம்மாவின் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஆகியிருந்தால் என்ற நினைப்பு பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை. அன்றிலிருந்து முன்பின் தெரியாத எந்த மென்பொருளையும் முதலில் மெய்நிகர் கணினிக்குள்தான் ஓட்டிப் பார்க்கிறேன்.

மெய்நிகர் கணினி என்பது, உங்கள் திரையில் ஒரு ஜன்னலுக்குள் ஓடும் இன்னொரு முழுக் கணினி. அதற்கென்று தனி இயங்குதளம் உண்டு. அதன் ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையில் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு. உள்ளே நிறுவும் மென்பொருள் எதை அழித்தாலும் எதை மாற்றினாலும் அந்தக் கோப்புக்குள்தான் நடக்கும்.

முதலில் உங்கள் கணினி தாங்குமா என்று பாருங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைத் தொட்டால், வர்ச்சுவலைசேஷன் என்ற வரி தெரியும். அது முடக்கப்பட்டிருந்தால், கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புப் பகுதியான பயாஸுக்குள் போய் இயக்க வேண்டும். இன்டெல் ப்ராசஸரில் வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி என்றும் ஏஎம்டியில் எஸ்விஎம் மோட் என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் கொண்டுவந்த வசதி இது என்பதால், இன்று வீட்டில் புழங்கும் கணினிகளில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கும். ரேம் 8 ஜிபி இருந்தால் சமாளிக்கலாம். 16 ஜிபி இருந்தால் நிம்மதி.

மெய்நிகர் கணினியை உருவாக்கித் தரும் மென்பொருள்களில் நான் பயன்படுத்துவது வர்ச்சுவல்பாக்ஸ். 2007இல் வெளிவந்தது, இப்போது ஆரக்கிள் நிறுவனத்திடம் இருக்கிறது, இலவசம். கூடவே தரப்படும் எக்ஸ்டென்ஷன் பேக் என்ற கூடுதல் வசதித் தொகுப்புக்குத் தனி உரிம விதிகள் உண்டு. சோதனை வேலைக்கு அது தேவையும் இல்லை. விஎம்வேர் வொர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு கேவிஎம் என்ற இதே வசதி, இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது. விண்டோஸ் ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் என்ற எளிய வழியும் உண்டு: ஜன்னலை மூடினால் உள்ளே இருந்த அனைத்தும் அழிந்துவிடும். ஐந்து நிமிடச் சோதனைக்கு அது போதும். ஒரு மென்பொருளைப் பல நாள் வைத்துக் கவனிக்க வேண்டுமென்றால் போதாது.

உள்ளே போடுவதற்கு, மைக்ரோசாஃப்ட் தன் தளத்திலேயே தரும் விண்டோஸ் 11இன் 90 நாள் மதிப்பீட்டுப் பதிப்பின் ஐஎஸ்ஓ கோப்பை (நிறுவல் வட்டின் நகல்) பதிவிறக்கிக்கொள்ளுங்கள். விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் கேட்கும். டிஸ்க் கோப்பு தேவைக்கேற்ப வளரும்படி அமைத்தால் முதல் நாளே 64 ஜிபி போய்விடாது. என் 16 ஜிபி கணினியில் உள் கணினிக்கு 4 ஜிபி ரேமும் இரண்டு கோர்களும் கொடுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் கொடுக்காதீர்கள். வெளிக் கணினி திணறும். ஜன்னலின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த மெய்நிகர் வசதியான ஹைப்பர்-வி பின்னால் ஓடுகிறது, அதனால் வேகம் குறைந்திருக்கிறது என்று பொருள். அதற்காகப் பதற வேண்டாம், சோதனை நடக்கும்.

நிறுவும்போது உங்கள் உண்மையான மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பெயர், கடவுச்சொல் எல்லாம் இந்த வேலைக்காக மட்டும் உருவாக்கியதாக இருக்கட்டும். ஒரு கோப்பை எடுக்கத்தானே என்று உள்ளே இருந்தபடி மின்னஞ்சலைத் திறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகப்பட்ட மென்பொருளின் கண் முன்னே வீட்டுச் சாவியை வைப்பது அது. இயங்குதளத்தின் அப்டேட்களை முடித்து, உள் கணினியை முறையாக அணைத்து, ஒரு ஸ்னாப்ஷாட் எடுங்கள், அதாவது உள் கணினியின் அந்த நேரத்து நிலையைப் பதிந்துவையுங்கள். அதற்கு நான் வைக்கும் பெயர் "சுத்தம்", பக்கத்தில் தேதி. எப்போது வேண்டுமானாலும் இந்த நிலைக்குத் திரும்பலாம். மெய்நிகர் கணினியின் உயிரே இதுதான்.

இனி கதவுகளைப் பற்றிப் பேச வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் நடுவே இருக்கும் சுவர் பலமானதுதான். அதில் வசதிக்காகக் கதவு வைப்பது நாம். பகிர்ந்த கிளிப்போர்டு, இழுத்துப் போடும் வசதி, பகிர்ந்த கோப்புறை, யூஎஸ்பி இணைப்பு ஒவ்வொன்றும் ஒரு கதவு. முதல் இரண்டும் வர்ச்சுவல்பாக்ஸில் ஆரம்பத்தில் மூடியே இருக்கும்; அப்படியே விடுங்கள். எழுதும் அனுமதியோடு ஒரு கோப்புறையைப் பகிர்ந்திருந்தால், உள்ளே ஓடும் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) அந்தக் கோப்புறையில் இருப்பவற்றையும் பூட்டிவிடும். பகிர்ந்தே ஆக வேண்டுமென்றால், சோதிக்க வேண்டிய கோப்பு மட்டும் இருக்கும் ஒரு கோப்புறையை, படிக்க மட்டும் என்ற அனுமதியோடு பகிருங்கள்.

நெட்வொர்க்தான் பெரிய கதவு, பலர் ஏமாறும் இடமும் அதுவே. பிரிட்ஜ்டு முறையில் உள் கணினி உங்கள் ரௌட்டரிடமிருந்து தனி முகவரி வாங்கிக்கொண்டு, வீட்டிலிருக்கும் மற்ற கருவிகளோடு சரிசமமாக உட்கார்ந்துவிடும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது நினைவிருக்கலாம். விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் தொடாமலேயே அது ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. சோதனைக்கு பிரிட்ஜ்டு வேண்டவே வேண்டாம். உள் கணினியை வெளிக் கணினியின் முகவரிக்குப் பின்னால் மறைத்துவைக்கும் நேட் முறை இதைவிட நல்லது; வெளியிலிருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. ஆனால் உள்ளிருப்பது வெளியே போகலாம், வீட்டு நெட்வொர்க்கின் மற்ற கருவிகளையும் தொடலாம். நேட் போட்டதும் முழுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். அதனால் என் வழக்கம் இது: நேட்டில் வைத்து மென்பொருளைப் பதிவிறக்குவேன், பிறகு நெட்வொர்க் அமைப்பில் கேபிள் இணைப்புக்கான குறியை நீக்கிவிட்டுத்தான் நிறுவுவேன். இணையம் இல்லாமல் ஓடாது என்று அது அடம்பிடித்தால், இரண்டாம் சுற்றில் மட்டும் இணைப்பேன்.

நிறுவிய பிறகு என்ன பார்ப்பது? நிறுவப்பட்ட நிரல்களின் பட்டியலில் அழையாத விருந்தாளி யாராவது இருக்கிறாரா? டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பட்டியலில் என்ன சேர்ந்தது? டாஸ்க் ஷெட்யூலரில் புது வேலை ஏதும் பதிவாகியிருக்கிறதா, பிரவுசரில் புது எக்ஸ்டென்ஷன் வந்திருக்கிறதா? இணைப்பைக் கொடுத்த பிறகு, ரிசோர்ஸ் மானிட்டரில் அது எந்த முகவரிகளோடு பேசுகிறது என்றும் பாருங்கள். முன்னும் பின்னும் இருந்ததை ஒரு நோட்டில் எழுதி ஒப்பிடுவேன். இரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து, ஒரு மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி பார்ப்பேன்.

இத்தனைக்குப் பிறகும் ஒன்றும் தென்படவில்லை என்றால் அது நல்ல மென்பொருள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. தான் மெய்நிகர் கணினியில் இருப்பதைக் கண்டுகொண்டு அமைதியாக இருக்கும் தீய நிரல்கள் உண்டு. வர்ச்சுவல்பாக்ஸ் தரும் நெட்வொர்க் கார்டின் முகவரி 08:00:27 என்று தொடங்கும். அதைப் பார்த்தாலே போதும். ஆகவே கோப்பை, பல வைரஸ் தடுப்பு மென்பொருள்களால் ஒரே நேரத்தில் சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்திலும் ஏற்றிச் சோதியுங்கள். சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றாதீர்கள், ஏற்றுவது பாதுகாப்பு நிறுவனங்களோடு பகிரப்படும்.

சுவரிலேயே விரிசல் விழுந்ததும் உண்டு. 2015இல் வெளிப்பட்ட வெனம் என்ற பிழை, க்யூஈஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருளின் மெய்நிகர் ஃபிளாப்பி டிரைவ் வழியாக உள்ளிருந்து வெளியே தப்ப வழி தந்தது. யாரும் பயன்படுத்தாத ஃபிளாப்பி! அதனால் தேவையற்ற மெய்நிகர் உறுப்புகளை நீக்கிவிடுங்கள், வர்ச்சுவல்பாக்ஸை உடனுக்குடன் அப்டேட் செய்யுங்கள். தீய நிரல் என்று உறுதியாகத் தெரிந்த ஒன்றைக் குடும்பக் கணினியில், மெய்நிகர் கணினிக்குள்ளேகூட ஓட்டிப் பார்க்காதீர்கள்.

வேலை முடிந்ததும் "சுத்தம்" நிலைக்குத் திரும்புங்கள். ஜன்னலை மூடும்போது வரும் பெட்டியில், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புவதற்கான குறியும் இருக்கும். நன்றாகத்தானே இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்ற ஆசை வரும். ஓர் எழுத்துரு மேலாண்மை மென்பொருளை அப்படித்தான் விட்டுவைத்தேன். அடுத்த வாரம் பிடிஎஃப் கருவி ஒன்றைச் சோதித்தபோது ஸ்டார்ட்அப் பட்டியலில் புதுப் பெயர் ஒன்று தெரிந்தது. இரண்டில் எது வைத்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டு சோதனைகளும் வீணாயின.

ஸ்னாப்ஷாட்டை காப்பு நகல் என்று எண்ண வேண்டாம். எல்லா ஸ்னாப்ஷாட்களும் மூல டிஸ்க் கோப்பை நம்பியே நிற்கின்றன. அது கெட்டால் எல்லாம் போகும். பழையவற்றை வர்ச்சுவல்பாக்ஸுக்குள் இருந்தே நீக்குங்கள், கோப்புறையைத் திறந்து கையால் அழிக்காதீர்கள்.

சோதனையில் தேறிய மென்பொருளை உள்ளிருந்து வெளியே நகலெடுத்து வருவதில்லை. தயாரித்தவர்களின் தளத்துக்கு வெளிக் கணினியிலிருந்து போய்ப் புதிதாகப் பதிவிறக்கி, கோப்பின் கைரேகை போன்ற எஸ்எச்ஏ-256 எண்ணை, அங்கே கொடுத்திருக்கும் எண்ணோடும் உள்ளே சோதித்த கோப்பின் எண்ணோடும் ஒப்பிட்டு, அதே கோப்புதான் என்று உறுதி செய்த பிறகு, அம்மாவின் குரல் இருக்கும் கணினியில் நிறுவுகிறேன்.