தயிர் சாதத்தில் மாதுளை: நிறம் இறங்காமல் இருக்க

சாதம் பிசையும்போதே மாதுளை முத்துகளைச் சேர்க்காதீர்கள். கரண்டி பட்டு முத்து உடைந்தால் சாறு இறங்கி, சாதம் இளஞ்சிவப்பாகி நீர்த்துப்போகும். ஆறிய சாதத்தில் தயிர் கலந்து, தாளித்துக் கொட்டி, அந்தச் சூடும் தணிந்த பிறகு கடைசியாகத் தூவுங்கள். ஒரு கப் அரிசி வடித்த சாதத்துக்கு அரை கப் முத்து தாராளம். டிபன் பாக்ஸுக்கு என்றால் மேலே பரப்பினால் போதும், கிளறவே வேண்டாம்.

உரிப்பதில்தான் பாதிப் பேர் சலித்துப்போகிறார்கள். கிரீடம் போன்ற முனையைச் சுற்றித் தோலளவுக்கு மட்டும் கீறி எடுத்தால், வெள்ளைச் சவ்வு பழத்தை அறை அறையாகப் பிரிப்பது தெரியும். அந்தக் கோடுகளை ஒட்டி மேலிருந்து கீழாகத் தோலைக் கீறி, கையால் பிளக்கவும். தண்ணீருக்குள் வைத்து உதிர்த்தால் சவ்வு மிதக்கும், முத்து அடியில் தங்கும். சட்டையிலும் கறை தெறிக்காது (அது லேசில் போகாது). வடிகட்டி, துணியில் ஈரத்தை ஒற்றி எடுங்கள். ஈரத்தோடு போட்டால் தயிர் நீர்த்துவிடும்.

சாறுக்கு மிக்ஸியை விட்டு விட்டு இரண்டு சுற்று மட்டும். விதை அரைபட்டால் கசக்கும், சவ்வு சேர்ந்தால் துவர்க்கும்.